குறைந்த திறன் உள்ளூர்த் தொலைக்காட்சி என்றால் என்ன? பிஜ் நிலையத்தின் வழியே ஓர் அறிமுகம்

குஜராத் மாநிலத்தின் கேடா மாவட்டத்தில், நடியாட் நகரத்துக்கு அருகே, பிஜ் என்றொரு கிராமம் இருக்கிறது. 1975-ஆம் ஆண்டு அந்தக் கிராமத்தில் ஒரு கிலோவாட் திறன் கொண்ட தொலைக்காட்சி டிரான்ஸ்மிட்டர் ஒன்று இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் சென்னைத் தொலைக்காட்சி நிலையமும் ஒளிபரப்பைத் தொடங்கியது. இந்தியாவின் பெருநகரங்களே அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தொலைக்காட்சியைக் கண்டுகொண்டிருந்தன. அந்த நிலையில், பால் கறந்து, புகையிலை பயிரிட்டு வாழ்ந்த ஒரு பகுதியின் மக்களுக்கென்றே, அவர்கள் பேசும் பேச்சிலேயே, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஒரு நிலையம் நடந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. குறைந்த திறன் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் என்பதன் பொருளை விளக்க, என் அறிவுக்கு எட்டிய வரையில், பிஜ் நிலையத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்தியாவில் வேறில்லை.

இந்தப் பெயரில் இரண்டு சொற்கள் சேர்ந்திருக்கின்றன. ‘குறைந்த திறன்’ என்பது வாட் கணக்கில் அளந்து சொல்லக்கூடிய ஒரு பொறியியல் அளவு. ‘உள்ளூர்’ என்பதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. நிகழ்ச்சியைச் செய்பவர் யார், பார்ப்பவர் யார், பார்ப்பவருடைய பேச்சு செய்பவரின் காதுக்குத் திரும்பிப் போகிறதா என்பவற்றைப் பொறுத்தது அது. திறன் குறைந்த நிலையங்கள் நம் நாட்டில் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆனால் அவற்றில் உள்ளூர் நிலையம் என்று சொல்லத்தக்கவை மிகச் சில. இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றவை எளிதில் விளங்கிவிடும் என்பதால், முதலில் திறனைப் பார்த்துவிடுவோம்.

திறனும் தூரமும்

தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் நிகழ்ச்சி உருவாகும் இடம் ஸ்டுடியோ. அதை வானலையாக மாற்றி அனுப்புவது டிரான்ஸ்மிட்டர். அந்த அலையை வெளியில் பரப்புவது உயரமான டவரின் உச்சியில் பொருத்தப்பட்ட ஆன்டெனா. ஸ்டுடியோவும் டிரான்ஸ்மிட்டரும் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. இதை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிஜ் கதையிலும் அதற்குப் பின் வந்த கதையிலும் இது முக்கியமாகும்.

டிரான்ஸ்மிட்டர் வெளியிடும் ஆற்றலை வாட் அளவில் சொல்கிறோம். பெரிய நிலையங்களில் 10 கிலோவாட், அதாவது 10,000 வாட் திறனுள்ள டிரான்ஸ்மிட்டர்கள் வழக்கமாக இருந்தன. பிஜ் நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் அதில் பத்தில் ஒரு பங்கு. பின்னாளில் தூர்தர்ஷன் சிறு நகரங்களில் அமைத்த குறைந்த திறன் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவை வெறும் 100 வாட் கொண்டவை. வீட்டில் எரிந்த பழைய குண்டு பல்பு ஒன்றின் மின் அளவுதான் அது. திறன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் படம் தெரியும் தூரமும் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அப்படியில்லை. தடையற்ற வெளியில் அலையின் வலு தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், தூரத்தை இரண்டு மடங்காக்க நான்கு மடங்கு திறன் தேவைப்படுகிறது. திருப்பிச் சொன்னால், திறனை நான்கில் ஒன்றாகக் குறைத்தாலும் தூரம் பாதிதான் குறையும். சிறிய டிரான்ஸ்மிட்டர் ஒன்று ஒரு வட்டாரத்துக்குப் போதுமானதாக இருப்பதற்கு இந்தக் கணக்கே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் உயரம். தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவுக்கு அப்பால் அவை எளிதில் இறங்குவதில்லை. டவரின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் இருமடி மூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அலையின் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது ஏறக்குறையக் கிடைக்கும். 100 மீட்டர் டவருக்கு இது சுமார் 41 கிலோமீட்டர். பார்ப்பவர் தம் வீட்டு ஆன்டெனாவை 9 மீட்டர் உயரத்தில் நிறுத்தினால் அவர் பக்கத்திலிருந்து இன்னொரு 12 கிலோமீட்டர் சேர்கிறது. மொட்டை மாடியில் குழாய்மேல் குழாய் சொருகி ஆன்டெனாவை உயர்த்திய நம் பெரியவர்கள் இந்தச் சூத்திரத்தை அறியாமலே அதைச் செய்துகாட்டியவர்கள்.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ளது. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கிய பிறகு, சென்னை நிலையத்தின் படம் எட்டாத எங்கள் பக்கத்து வீடுகளில் பாக் நீரிணைக்கு அப்பாலிருந்து படம் வந்தது. பிதுருதலாகல மலையுச்சியிலும், வடக்கே கொக்காவிலிலும் இருந்த டவர்களின் அலைகள் கடல்மேல் தடையின்றி வந்தன. வெப்பமான கடற்காற்றின் அடுக்குகள் சில நேரங்களில் அந்த அலைகளைத் தொடுவானத்துக்கும் அப்பால் வளைத்துக் கொண்டுவந்தன. அண்ணன் மாடியில் ஆன்டெனாக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “இப்பத் தெரியுதா?” என்று அவர் கேட்க, “கோடு கோடா ஓடுதுண்ணே, இன்னுங் கொஞ்சம் கெழக்கால திருப்பு” என்று நாங்கள் கீழிருந்து கத்துவோம். உயரமும் திசையும் சரியாக அமைந்தால் வேற்று நாட்டு அலைகூட வீட்டுக்குள் வந்துவிடும் என்பதை நான் அறிந்துகொண்டது அந்த மாடியில்தான். அந்தப் படங்களில் எங்கள் ஊரைப் பற்றி எதுவும் இருந்ததில்லை என்பதும் நினைவிருக்கிறது.

கேடாவில் ஏன் தொடங்கியது?

இந்தியத் தொலைக்காட்சியே ஒரு சிறு டிரான்ஸ்மிட்டரில்தான் பிறந்தது. 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முறையில் ஒளிபரப்பு தொடங்கியபோது, நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே எட்டும் வலுதான் அதற்கு இருந்தது. வாரத்தில் சிறிது நேரமே நிகழ்ச்சி. 1972-இல் மும்பைக்குச் செல்லும் வரை டெல்லிக்கு வெளியே தொலைக்காட்சி நிலையமே கிடையாது. நகரத்திலிருந்து நகரத்துக்குப் போய், அங்கிருந்து மெல்லக் கிராமங்களை நோக்கி நகர்வதே இயல்பான வழி என்று பலரும் எண்ணிய காலம் அது.

அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்று வாதாடியவர் இந்திய விண்வெளித் திட்டத்தின் முன்னோடியான விக்ரம் சாராபாய். சாலையும் பள்ளியும் செய்தித்தாளும் போய்ச் சேராத கிராமங்களுக்கே தொலைக்காட்சி முதலில் போக வேண்டும், அதற்குச் செயற்கைக்கோளே குறுக்கு வழி என்பது அவருடைய நிலைப்பாடு. 1969-இல் அமெரிக்காவின் நாசாவுடன் இதற்கான ஒப்பந்தம் ஏற்பட்டது. 1971 டிசம்பரில் சாராபாய் காலமானார். அவர் விட்டுச்சென்ற பணியை இஸ்ரோவின் பொறியாளர்களும் சமூக ஆய்வாளர்களும் தொடர்ந்தார்கள். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நேரடியாகக் கல்வி, வேளாண்மை, நலவாழ்வு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. சைட் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட திட்டம் இது.

குஜராத் அந்த ஆறு மாநிலங்களில் இல்லை. ஆனால் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் அகமதாபாத்தில் இருந்தது. தன் வாசலிலேயே இருக்கும் ஒரு மாவட்டத்தில், செயற்கைக்கோள் அலையோடு தரைவழி ஒளிபரப்பையும் இணைத்துப் பார்க்க அது விரும்பியது. அதற்குத் தேர்வானது கேடா. நிகழ்ச்சிகள் அகமதாபாத் ஸ்டுடியோவில் தயாராகி, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருந்த பிஜ் டிரான்ஸ்மிட்டருக்குச் சென்று, அங்கிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பரவின. ஏறத்தாழ 400 கிராமங்களில் சுமார் 600 சமூகத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஓர் ஆண்டு கழிந்ததும் சைட் திட்டத்தின் காலம் முடிந்து, ஏ.டி.எஸ்.-6 இந்திய வானைவிட்டு நகர்ந்தது. ஆறு மாநிலங்களின் பெட்டிகள் அந்தத் திட்டத்தின் ஒளிபரப்பை இழந்தன. பிஜ் நிற்கவில்லை. அதன் டவர் தரையில் இருந்தது. யாரிடமும் செயற்கைக்கோளை இரவல் வாங்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. தரைவழிச் சிறு நிலையத்தின் வலிமை என்னவென்று கேட்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேடாவின் மண்ணைப் பற்றியும் ஒரு சொல். அங்கிருப்போர் சரோதர் என்று அழைக்கும் வளமான சமவெளி அது. 1918-இல் பயிர் பொய்த்தபோது நிலவரி கட்ட மறுத்துக் காந்தியும் வல்லபாய் படேலும் வழிநடத்திய போராட்டம் நடந்த இடம். 1946-இல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் பால் கூட்டுறவு சங்கம் பிறந்ததும் அங்குதான். அமுல் என்ற பெயரில் இன்று நாடறிந்தது அதுவே. ஊருக்கு ஊர் பால் சங்கம் இருந்ததால், தொலைக்காட்சிப் பெட்டியை எங்கே வைப்பது, மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது, மாலையில் யார் திறந்துவைப்பது என்ற கேள்விகளுக்குப் பல ஊர்களில் விடை தயாராகவே இருந்தது. பெட்டி சங்கக் கட்டடத்துக்குப் போனது.

அந்த மாலை நேரத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்த்தால் அந்த ஏற்பாட்டின் அருமை புரியும். பால் சங்க வாசலில் செம்புகளும் தூக்குகளுமாகப் பெண்களும் சிறுவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் பாலும் அளக்கப்பட்டு, கொழுப்புச் சத்தைச் சோதிக்க ஒரு சிறு குப்பியில் மாதிரி எடுக்கப்பட்டு, சிட்டையில் குறிக்கப்படுகிறது. வேலை முடிந்து வீடு திரும்ப வேண்டிய அந்தக் கூட்டம், அதே கட்டடத்தில் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒளிரத் தொடங்கும்போது அங்கேயே தங்கிவிடுகிறது. பார்வையாளரைத் தேடிப் போக வேண்டிய தேவையே இல்லாமல், ஊர் ஏற்கெனவே கூடுகிற இடத்திலும் நேரத்திலும் தொலைக்காட்சியைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

என்ன ஒளிபரப்பினார்கள்?

பிஜ் நிலையத்தை உள்ளூர் நிலையமாக்கியது அதன் நிகழ்ச்சிகளும், அவை உருவான முறையும்தான். மாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே அதற்கென்று இருந்தது. விளம்பரம் கிடையாது. நிகழ்ச்சிகளை இஸ்ரோவின் அகமதாபாத் பிரிவும் தூர்தர்ஷனும் பகிர்ந்துகொண்டு தயாரித்தன. மொழி குஜராத்தி என்று சொன்னால் போதாது. அகமதாபாத் நகரத்து வானொலிக் குஜராத்திக்குப் பதிலாகச் சரோதர் கிராமங்களின் பேச்சு வழக்கே அங்கு ஒலித்தது. மதுரை வட்டாரத்து விவசாயியிடம் செய்தி வாசிப்பாளரின் தமிழில் மாட்டு நோயைப் பற்றிப் பேசுவதற்கும், அவருடைய தமிழிலேயே பேசுவதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியாததா?

ஒரு தொடரின் பெயர் ‘ஹுன் நே மாரா ஏ’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நானும் என் அவரும்’. கணவன் பெயரைச் சொல்லாத குஜராத்திப் பெண் ‘ஏ’ என்று சுட்டிப் பேசுவாள். நம் வீடுகளில் ‘எங்க அவுக’, ‘எங்க வீட்டுக்காரர்’ என்று பேசுவதைப் போன்றதுதான். குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிய தொடர் அது. அந்த நாள்களில் அரசு அந்தச் செய்தியைச் சுவரெழுத்தாகவும் சிவப்பு முக்கோணமாகவும் ஊர்தோறும் எழுதிவைத்தது. அதையே ஒரு பெண் தன் புருஷனைப் பற்றிப் பேசும் தொனியில் தலைப்பாக்கிய கைக்கு அந்த வீடுகளின் உட்புறம் தெரிந்திருக்கிறது. ‘சதுர் மோட்டா’ என்ற மற்றொரு தொடர் வரதட்சணையையும் கைம்பெண் மறுமணத்தையும் எடுத்துப் பேசியது. ‘தாத் ஃபரியாத்’ என்ற நிகழ்ச்சியின் பெயருக்கு முறையீடு என்று பொருள். ஊர்க்காரர்களின் குறைகளை முன்வைத்து உரிய அதிகாரிகளிடமிருந்து பதில் பெறும் முயற்சி அது. நிலமற்ற கூலிகள் சுரண்டப்படுவதைப் பற்றியும், அவர்களுக்குச் சேர வேண்டிய குறைந்தபட்சக் கூலியைப் பற்றியும்கூடப் பிஜ் பேசியது. அரசு நிறுவனங்கள் நடத்திய ஒரு நிலையம், நிலவுடைமையாளர்கள் வலுவாக இருந்த ஒரு பகுதியில், அதே உடைமையாளர்களும் அமர்ந்து பார்க்கும் பொதுப் பெட்டியில் இதைப் பேசியது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

நிகழ்ச்சி உருவான முறையை ஒரு சிறு எடுத்துக்காட்டால் விளக்கலாம். எருமைக்குச் செயற்கை முறையில் கருவூட்டுவது பற்றி ஒரு நிகழ்ச்சி எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருநகர நிலையம் ஒரு கால்நடை மருத்துவரை அழைத்து நாற்காலியில் உட்காரவைத்து உரையாற்றச் செய்யும். கேடாவின் முறைப்படியோ, ஆய்வாளர்கள் முதலில் ஊருக்குப் போவார்கள். சினை ஊசி போட எருமைக்காரர்கள் ஏன் தயங்குகிறார்கள், சினை நிற்காது என்ற அச்சமா, செலவா, ஊசிக்காரர் நேரத்துக்கு வருவதில்லையா என்று கேட்டறிவார்கள். அதற்கேற்ப எழுதப்பட்ட நிகழ்ச்சியைச் சிலருக்குப் போட்டுக்காட்டி, புரியாத இடங்களைத் திருத்துவார்கள். ஒளிபரப்பான பிறகு மீண்டும் போய், என்ன புரிந்தது, எதைச் செய்தார்கள் என்று கேட்பார்கள். கையில் தூக்கிச் செல்லக்கூடிய வீடியோக் கருவிகள் வந்தபோது, ஊர் மக்களே எழுதி, நடித்து, தங்கள் குறைகளைப் பதிவு செய்யவும் வழி ஏற்பட்டது. டிரான்ஸ்மிட்டரிலிருந்து வீட்டுக்கு ஒரே திசையில் மட்டுமே செல்லக்கூடிய தொழில்நுட்பம்தான் தொலைக்காட்சி. அதன் திரும்பும் வழியை இவர்கள் கால்நடையாகவே நடந்து உண்டாக்கினார்கள்.

திறன் குறைவாக இருந்தது இதற்குத் தடையாக இல்லை. உண்மையில் அதுவே இதைச் சாத்தியமாக்கியது என்பது என் கருத்து. நானூறு கிராமங்களுக்குள் அடங்கும் நிலையத்தின் ஆய்வாளர் பஸ் பிடித்துப் போய்ப் பார்வையாளரைச் சந்திக்க முடியும். பயிர் ஒன்றே, பருவம் ஒன்றே, சந்தை விலை ஒன்றே. தமிழ்நாடு முழுமைக்குமான நிலையம் தஞ்சாவூர் நெல்லையும் நீலகிரித் தேயிலையையும் ஒரே அரை மணி நேரத்தில் பேசியாக வேண்டும். அப்படிப் பேசும்போது இருவருக்கும் பாதிதான் பயன்படும்.

குறைகளும் இருந்தன. கிராமத்துப் பொதுப் பெட்டி என்றால் கிராமம் முழுவதற்கும் பொது என்று பொருளாகிவிடாது. சங்கக் கட்டடத்து வாசலில் எந்தச் சாதியினர் தயங்காமல் நுழைய முடிகிறது, அந்திநேரத்தில் அடுப்படியை விட்டு எந்தப் பெண் வந்து ஒரு மணி நேரம் உட்கார முடிகிறது என்பவற்றை டிரான்ஸ்மிட்டர் தீர்மானிப்பதில்லை. பெட்டி பழுதானால் அதைச் சரிசெய்ய ஆள் வரும் வரை அந்த ஊருக்கு நிலையமே இல்லை. இவற்றையெல்லாம் தாண்டி, கிராமப்புறத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோவின் ஐ.பி.டி.சி. (தகவல் தொடர்பு வளர்ச்சிக்கான பன்னாட்டுத் திட்டம்) பரிசு 1984-இல் கேடா திட்டத்துக்குக் கிடைத்தது.

1984: டிரான்ஸ்மிட்டர்கள் பெருகின

பரிசு கிடைத்த அதே ஆண்டில்தான் இந்தியத் தொலைக்காட்சி முற்றிலும் வேறு திசையில் விரைந்தது. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியோடு வண்ண ஒளிபரப்பும், டெல்லியிலிருந்து நாடு முழுவதற்குமான தேசிய நிகழ்ச்சியும் வந்துவிட்டன. 1983 ஆகஸ்டில் விண்ணேறிய இந்தியச் செயற்கைக்கோள் இன்சாட்-1பி நல்லபடியாக வேலை செய்தது. அடுத்த ஆண்டு தூர்தர்ஷன் சிறு நகரங்களில் குறைந்த திறன் டிரான்ஸ்மிட்டர்களை அமைக்கத் தொடங்கியது; சில மாதங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற வேகத்தில் அந்தப் பணி நடந்தது. தமிழ்நாட்டு மக்கள் ‘ரிலே ஸ்டேஷன்’ என்றும் ‘டிவி டவர்’ என்றும் அழைத்தவை இவைதாம்.

இவற்றின் அமைப்பு எளிமையானது. ஓர் இரும்புச் சட்ட டவர், செயற்கைக்கோள் அலையைப் பிடிக்க ஒரு பெரிய வட்டத் தட்டு, ஒரு சிறு கட்டடத்துக்குள் 100 வாட் டிரான்ஸ்மிட்டர், அதைப் பார்த்துக்கொள்ளச் சில ஊழியர்கள். வட்டத் தட்டு டெல்லியின் நிகழ்ச்சியைப் பிடித்துத் தரும். டிரான்ஸ்மிட்டர் அதைச் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த வீடுகளுக்கு அனுப்பும். ஸ்டுடியோ இல்லை, கேமராவும் இல்லை. தமிழ்ப் பேசும் ஒரு நகரத்தின் நடுவில் நின்ற டவர், டெல்லியின் இந்தியையும் ஆங்கிலத்தையும் பரப்பியது. சென்னை நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சிகள் இத்தகைய டவர்கள் வழியாக வருவதற்கு அந்த நகரங்கள் மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1987-இல் கொடைக்கானல் மலைமேல் உயர் திறன் டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகே தென் மாவட்டங்களின் பெரும்பகுதிக்குச் சென்னையின் படம் தெளிவாகக் கிடைத்தது.

பிஜ் டவரையும் இந்த டவர்களையும் தொலைவிலிருந்து பார்த்தால் அதிக வேறுபாடு தெரியாது. வானத்திலிருந்து வருவதை அப்படியே வாங்கி இறக்குவது ஒன்று. தன் மக்களுக்கென்று தயாரானதை அனுப்புவது மற்றொன்று. தொழில்நுட்ப நூல்கள் முன்னதை மறு ஒளிபரப்பு நிலையம் என்றும், பின்னதை சொந்தமாக நிகழ்ச்சி வழங்கும் நிலையம் என்றும் பிரிக்கின்றன.

அமெரிக்காவின் சட்டத்தில் இந்தப் பிரிவினை தெளிவாகவே இருக்கிறது என்பதால் அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலைகளால் மறைக்கப்பட்ட ஊர்களுக்குப் பெருநகர நிலையத்தின் படத்தை வேறு அலைவரிசையில் மாற்றித் தரும் சிறு டிரான்ஸ்மிட்டர்கள் அங்கே நெடுங்காலமாக இருந்துவந்தன. சொந்த நிகழ்ச்சி ஒளிபரப்ப அவற்றுக்கு அனுமதி இல்லை. 1982-இல் அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., குறைந்த திறன் தொலைக்காட்சி என்ற புதிய வகையை உருவாக்கி, அதே அளவு சிறிய டிரான்ஸ்மிட்டர்கள் சொந்த நிகழ்ச்சியும் நடத்தலாம் என்று விதி வகுத்தது. தேவாலயங்களும், பல்கலைக்கழகங்களும், சிறு வணிகர்களும், ஸ்பானிய மொழி பேசும் சமூகத்தினரும் இப்படி நிலையங்களைத் தொடங்கினார்கள். ஆனால் இரண்டாம் நிலை உரிமமே அவற்றுக்குத் தரப்பட்டது. முழுத்திறன் நிலையத்துக்கு அவற்றால் இடையூறு நேர்ந்தால் விலகிக்கொள்ள வேண்டும். முழுத்திறன் நிலையத்தால் தங்களுக்கு இடையூறு நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். 2009-இல் முழுத்திறன் நிலையங்கள் டிஜிட்டலுக்கு மாறியபோதும், பின்னர் அலைக்கற்றையின் ஒரு பகுதி கைப்பேசி நிறுவனங்களுக்கு ஏலத்தில் போனபோதும், பல சிறு நிலையங்கள் அலைவரிசை மாற்றிக்கொண்டு வேறிடம் தேட நேர்ந்தது. எஞ்சியிருந்த குறைந்த திறன் அனலாக் ஒளிபரப்பு அங்கே பெரும்பாலும் 2021 ஜூலையில் முடிவுக்கு வந்தது.

பிஜ் நிலையத்துக்கு என்ன ஆயிற்று?

1980-களின் நடுப்பகுதியில் குஜராத்தில் தூர்தர்ஷன் விரிவடைந்தபோது, ஒரு மாவட்டத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் தனி நிலையம் எதற்கு என்ற எண்ணம் மேலோங்கியது. மாநிலம் முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சி என்றால் செலவு குறையும், விளம்பரமும் கிடைக்கும். 1985-ஐ ஒட்டிப் பிஜ் நிலையத்தின் தனி ஒளிபரப்பை முடிவுக்குக் கொண்டுவரும் முயற்சி தொடங்கியது. அந்தப் பகுதி மக்கள் எதிர்த்தார்கள். தங்களுக்கு வேறு தொலைக்காட்சி கிடைக்கப்போகிறது என்று தெரிந்திருந்தும், வண்ணப் படமும் நெடுந்தொடர்களும் வரப்போகின்றன என்று அறிந்திருந்தும், ஒரு மணி நேரக் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிக்காக அவர்கள் எதிர்த்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அந்த எதிர்ப்பால் பிஜ் நிலையத்தை நிலைநிறுத்த முடியவில்லை.

அனுபவம் முற்றிலும் வீணாகிவிடவில்லை. கேடாவில் உருவான முறையைக் கொண்டு, 1996-இல் மத்தியப் பிரதேசத்தின் பழங்குடி மாவட்டமான ஜாபுவாவில் இஸ்ரோ இன்னொரு திட்டத்தைத் தொடங்கியது. அங்கே 150 கிராமங்களில் செயற்கைக்கோள் அலையை நேரடியாகப் பெறும் பெட்டிகள் வைக்கப்பட்டன. வட்டாரத் தலைநகரங்களிலிருந்து மக்கள் ஸ்டுடியோவோடு திரும்பிப் பேசவும் வசதி செய்யப்பட்டது. பிஜ் ஆய்வாளர்கள் கால்நடையாக நடந்து ஏற்படுத்திய திரும்பும் வழி அங்கே பேச்சு இணைப்பின் வடிவில் வந்தது.

1984-இல் எழுந்த டவர்களின் காலமும் முடிந்துவிட்டது. வீடுகள் கேபிளுக்கும் டி.டி.எச்.-க்கும் மாறிய பிறகு அவற்றின் அலையைப் பிடிக்க ஆன்டெனா வைத்திருப்போர் மிகக் குறைந்துபோனார்கள்; தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி தன் அனலாக் தரைவழி டிரான்ஸ்மிட்டர்களைப் படிப்படியாக நிறுத்தி, 2022-ஆம் ஆண்டு வாக்கில் எல்லைப்புறம் போன்ற சில இடங்களைத் தவிர ஏனையவற்றை மூடிவிட்டது. நம் ஊர்களில் திருவிழாவையும் பள்ளி ஆண்டு விழாவையும் காட்டும் ‘லோக்கல் சேனல்’ கேபிள் வழியே வருவது. உள்ளூர்த்தன்மை அதற்கு உண்டு, ஆனால் அதற்கு டிரான்ஸ்மிட்டரும் இல்லை, வானலையும் இல்லை. கம்பி போகாத வீட்டுக்கு அது போகாது. கட்டணம் கட்டாத வீட்டுக்கும் போகாது.

வானொலிக்கு மட்டும் இந்தக் கதவு திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலியாகத் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அந்த உரிமம் விரிவாக்கப்பட்டது. பொதுவாக 100 வாட் கதிர்வீச்சுத் திறனும் 30 மீட்டர் ஆன்டெனா உயரமும் அவற்றுக்கான உச்சவரம்பு. பத்துக் கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துக்கு அது போதும், மீனவர் குப்பங்களும் மலைக்கிராமங்களும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. அதே அளவு சிறிய ஒரு தொலைக்காட்சி டிரான்ஸ்மிட்டரை ஓர் ஊரோ, கூட்டுறவு சங்கமோ, கல்லூரியோ சொந்தமாக நடத்துவதற்கான உரிமம் எதுவும் இந்தியாவில் இதுவரை இல்லை.